அவரைக்கு இன்னும் மாதம் வரவில்லை

கேள்வி: வீட்டுக்குப் பின்னால், வடக்குப் பக்கம் இரண்டு சென்ட் இடத்தில் தோட்டம் போட்டிருக்கிறேன். உறவினர் கொடுத்த பந்தல் அவரை விதையை மாசியில் சுவரோரம் ஊன்றினேன். கொடி மாடிவரை ஏறிப் படர்ந்துவிட்டது. ஆனி முடியப் போகிறது, ஒரு பூக்கூட இல்லை. டி.ஏ.பி. உரம் வைத்தேன், பஞ்சகவ்யமும் தெளித்தேன். பிடுங்கிவிடலாமா? போன மார்கழியில் காய்த்துக்கொண்டிருந்த கொடியில் கறுப்பு அசுவினிப் பூச்சி அப்பி எல்லாம் வீணாகிவிட்டது. ஐப்பசியில் நட்ட கத்தரியும் மிளகாயும் நோஞ்சானாகவே நின்றன. எந்த மாதம் எதைக் கவனிக்க வேண்டும் என்று சொல்லுங்கள்.
– உடுமலைப்பேட்டை பக்கத்திலிருந்து ஒரு வாசகி

பதில்: அம்மா, கொடியைப் பிடுங்காதீர்கள். அதற்கு நோயும் இல்லை, சத்துக் குறைவும் இல்லை. நீங்கள் ஊன்றிய மாதம்தான் அதற்குப் பொருந்தவில்லை.

பந்தல் அவரை பகல் பொழுது குறையும்போது பூக்கிற செடி. நம் பகுதியில் ஆனியில் பகல் 12 மணி 40 நிமிடத்துக்கு மேல் இருக்கும். மார்கழியில் 11 மணி 30 நிமிடத்தை ஒட்டி வந்துவிடும். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகமான வித்தியாசம், அவ்வளவுதான். நமக்கு அது உறைப்பதே இல்லை, அவரைக்கு அதுதான் கணக்கு. மாசியில் ஊன்றினால் முளைத்துக் கொடி விடுகிற நேரத்தில் பகல் நீண்டுகொண்டே போகிறது. அதனால் இலையும் தண்டுமாக வளர்ந்து கூரை ஏறும். ஆடியில் ஊன்றியது அளவாக வளர்ந்து, பொழுது சுருங்கியதும் ஐப்பசியில் பூவெடுக்கும். ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பதை மழைக்காகச் சொன்னது என்றே பலரும் நினைக்கிறார்கள். அவரை விஷயத்தில் அதற்குள் வெயிலின் கணக்கும் இருக்கிறது. மாசியில்தான் ஊன்ற முடியும் என்றால் கொடி ஓடாத குத்து அவரை போடுங்கள். அது மாதம் பார்க்காது, ஏறக்குறைய இரண்டு மாதத்தில் காய் கொடுத்துவிடும்.

டி.ஏ.பி.யை இன்றோடு நிறுத்துங்கள். பூக்காத கொடிக்குத் தழைச்சத்து கொடுத்தால் இன்னும் இலைதான் வரும், அந்த இளந்தளிர்தான் பிறகு அசுவினிக்கு விருந்து. அவரை தனக்கு வேண்டிய தழைச்சத்தைத் தானே தேடிக்கொள்ளும். சந்தேகம் இருந்தால், கொடியின் அடியிலிருந்து ஒரு சாண் தள்ளி மண்ணை விரலால் மெதுவாக விலக்கிப் பாருங்கள். சல்லி வேரில் கடுகு அளவிலும் மிளகு அளவிலும் முடிச்சுகள் தெரியும். ஒன்றைக் கிள்ளி நகத்தால் பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால் வேர் நன்றாக வேலை செய்கிறது என்று அர்த்தம். பார்த்துவிட்டு மண்ணை மூடிவிடுங்கள்.

ஆடி பிறந்ததும் கொடியை இடுப்பளவு விட்டு வெட்டிவிடலாம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்று உங்கள் ஊரில் எப்படி அடிக்கும் என்று உங்களுக்குச் சொல்லவே வேண்டாம், மாடியில் கிடக்கிற இந்தப் பாரத்தைப் புரட்டிப் போட்டுவிடும். வெட்டிய இடத்தில் வரும் புதுக் கிளைகளை வாழை நாரால் தளர்வாகக் கட்டிக்கொண்டே வாருங்கள். பக்கத்தில் தெருவிளக்கோ மாடி விளக்கோ இரவெல்லாம் எரிந்து கொடிமேல் வெளிச்சம் விழுகிறதா என்றும் பாருங்கள். அவரை உண்மையில் அளப்பது இரவின் நீளத்தை. விளக்கு வெளிச்சத்தால் பூ தள்ளிப் போகலாம்.

சரி, கத்தரி மிளகாய்க்கு வருகிறேன். நீங்கள் ‘வடக்குப் பக்கம்’ என்று எழுதியதுதான் எனக்குப் பிடி கொடுத்தது. சித்திரை முதல் வாரத்தில் உச்சிச் சூரியன் உங்கள் ஊருக்கு நேர் மேலே வருகிறது. அதன் பிறகு ஆவணி இரண்டாம் வாரம் வரை நண்பகலில் அது வடக்கே சாய்ந்திருக்கும். வீட்டின் நிழல் தெற்கே விழும். அப்போது உங்கள் தோட்டம் முழுவதும் வெயில். அதைப் பார்த்துவிட்டு ‘இது நல்ல வெயில் படுகிற இடம்’ என்று முடிவு செய்திருப்பீர்கள். மார்கழியில் சூரியன் தெற்கே போய்விடுகிறது. பன்னிரண்டடிச் சுவராக இருந்தால் நண்பகலிலேயே எட்டடி தூரத்துக்கு நிழல் வடக்கே விழும். ஐப்பசியில் நட்ட கத்தரி அந்த நிழலுக்குள்தான் வளர்ந்திருக்கிறது. எந்த உரம் வைத்தாலும் அது தேறாது.

இந்த வருடம் ஒரு வேலை செய்யுங்கள். மாதத்துக்கு ஒரு நாள், உச்சிப் பொழுதில் சுவர் நிழலின் விளிம்பில் ஒரு செங்கலை வையுங்கள். மார்கழி வந்ததும் கடைசிச் செங்கலைத் தாண்டியே கத்தரி, மிளகாய், தக்காளி. நிழலுக்குள் புதினா, வல்லாரை, பொன்னாங்கண்ணி, மணத்தக்காளி நன்றாக வரும். அவரைக்கு இந்தக் கவலை குறைவு, அதன் தலை மாடியில் வெயிலில் கிடக்கிறது. புதிதாக ஊன்றும் விதையை மட்டும் சுவரை விட்டுத் தள்ளி ஊன்றுங்கள்.

அசுவினி பனிக்காலத்து விருந்தாளி, ஆனால் அதற்கு மருந்து இப்போதே விழுந்துகொண்டிருக்கிறது. வேப்பம்பழம் உதிர்வது ஆனி, ஆடியில்தானே. பழத்தைப் பொறுக்கித் தோல் நீக்கி, கழுவி, நிழலில் காயவைத்துச் சணல் பையில் போட்டு வையுங்கள். மூன்று மாதமாவது ஆன கொட்டை நல்லது, எட்டுப் பத்து மாதம் கடந்தால் வீரியம் போய்விடும். ஆடியில் எடுத்தது மார்கழிக்குச் சரியாக வரும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்துத் துணியில் கட்டி இரவு முழுக்க ஊறவைத்து, காலையில் பால்போல வரும்வரை பிழியுங்கள். கொஞ்சம் காதி சோப்பைக் கரைத்துச் சேர்த்து அன்று மாலையே தெளித்துவிடுங்கள். காலையில் வேண்டாம், அவரைப் பூவுக்குத் தேனீ வருகிற நேரம் அது.

தெளிக்கும் முன் எறும்பைப் பாருங்கள். கார்த்திகைக் கடைசியிலிருந்து தினமும் காலையில் கொடியின் அடித்தண்டைக் கவனியுங்கள். எறும்புச் சாரி மேலே ஏறினால் எங்கோ ஒரு கொழுந்தில் அசுவினி குடியேறிவிட்டது என்று பொருள். அது கழிக்கும் இனிப்பு நீருக்காகத்தான் எறும்பு போகிறது. சாரியைத் தொடர்ந்து போனால் அந்தக் கொழுந்திலேயே கொண்டுபோய் விடும். அதைக் கிள்ளிச் சோப்புத் தண்ணீரில் போட்டால் அன்றைக்கு வேலை முடிந்தது. முதல் கொழுந்திலேயே பிடித்துவிட்டால் பெரும்பாலும் மருந்தே வேண்டியிருக்காது.

அப்புறம், அசுவினிக் கூட்டத்துக்குள் முதலைக் குட்டி மாதிரி, கறுப்பு உடம்பில் ஆரஞ்சுப் புள்ளியோடு அரைக் கடுகு நீளத்திலிருந்து அரை விரற்கடை வரை ஒரு புழு ஊர்வதைக் காண்பீர்கள். தயவுசெய்து நசுக்கிவிடாதீர்கள். அது பொறிவண்டின் குஞ்சு, அசுவினியைத் தின்னத்தான் வந்திருக்கிறது. இலையின் அடியில் மஞ்சளாக, நெல்மணிகளைச் செங்குத்தாக நட்டு வைத்ததுபோல் கொத்தாக இருப்பவை அதன் முட்டைகள். இதைத் தெரியாமல் கொன்றுவிட்டு மருந்துக்கடைக்கு ஓடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும்.

மற்ற மாதங்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் முருங்கை இருந்தால் காலையில் தண்டைப் பாருங்கள், கம்பளிப்புழுக்கள் கூட்டமாக ஒட்டிக்கொண்டிருக்கும். வெறும் கை படாமல் வழித்துச் சோப்புத் தண்ணீரில் தள்ளுங்கள். மழைக்குப் பிறகு கறிவேப்பிலை, எலுமிச்சைத் துளிரில் பறவை எச்சம்போல் ஒட்டியிருப்பது வண்ணத்துப்பூச்சியின் புழு. மரம் பெரிதாக இருந்தால் அப்படியே விட்டுவிடலாம், கன்று என்றால் எடுத்துவிடுங்கள். சித்திரை வெயிலில் செம்பருத்தியில் மாவுப்பூச்சி வந்தால் குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடித்தாலே பாதி போய்விடும்.

இதையெல்லாம் தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்புறம் எழுதி வையுங்கள். எங்கள் அம்மா அப்படித்தான் எழுதி, ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தார். ‘ஐப்பசி 9, அவரை முதல் பூ’, ‘மார்கழி 4, எறும்பு’ என்று ஒரு வரிக்கு மேல் இருக்காது. மூன்று வருடத் தாள்களை அடுக்கிப் பார்த்தால் உங்கள் தோட்டத்தின் பஞ்சாங்கமே கையில் இருக்கும். நான் சொன்ன தேதிகளைவிட அது உங்களுக்கு அதிகம் உதவும்.

தையில் நன்றாகக் காய்த்த ஒரு கிளையை விதைக்கென்று விட்டுவிடுங்கள். நெற்று கொடியிலேயே காய்ந்து கலகலத்த பிறகு பறித்து, விதையை அடுப்புச் சாம்பலில் புரட்டி ஒரு புட்டியில் போட்டு மூடுங்கள். மூடிமேல் ‘ஆடி’ என்று எழுதி ஒட்டுங்கள்.