ரவுண்டானாவுக்குள் ரவுண்டானா

கேள்வி: ஐந்து ரவுண்டானாக்கள் ஒட்டிக்கொண்டு நிற்கும் ஊர் ஒன்று உண்டாமே, நிஜமா?
– திண்டுக்கல் வாசகர்

பதில்: நிஜம்தான். இங்கிலாந்தின் ஸ்விண்டன் நகரில், கவுண்டி கிரவுண்ட் கால்பந்து மைதானத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஃபிராங்க் பிளாக்மோர் என்ற பொறியாளரின் யோசனை; 1972-ல் வந்தது. ஐந்து சாலைகள் கூடுமிடத்தில், ஒவ்வொரு சாலையின் வாயிலிலும் ஒரு குட்டி ரவுண்டானா, நடுவில் ஒரு திட்டு. குட்டிகளில் வண்டிகள் நம்மூர் போலவே கடிகாரத் திசையில் சுற்றும். நடுத்திட்டைச் சுற்றி மட்டும் எதிர்த்திசை!

மேலிருந்து எடுத்த படத்தைப் பார்த்தால் தலை கிறுகிறுக்கும். ஓட்டுபவருக்கு வேலை ஒன்றுதான்: கோட்டருகே நின்று, வலப்பக்கமிருந்து வருபவருக்கு வழிவிட்டு நகர வேண்டும். அடுத்த குட்டியிலும் அதேதான். வலப்பக்கச் சாலைக்குப் போகிறவர் முழு வட்டமடிக்காமல் குறுக்கே போய்விடலாம், லாபமே அதில்தான். நம்மூரில் வைத்தால்? ஹாரன் சத்தத்தில் மைதானத்து விசில் கேட்காது.

தொடக்கத்தில் ஒவ்வொரு குட்டிக்கும் ஒரு போலீஸ்காரரை நிறுத்தினார்கள். அரசு வைத்த பெயர் கவுண்டி ஐலண்ட்ஸ். மக்களோ குழந்தைகளுக்கான டி.வி. தொடரின் பெயரில் ‘மேஜிக் ரவுண்டபவுட்’ என்றே கூப்பிட்டார்கள். அப்புறம் அரசும் பெயர்ப் பலகையை மாற்றிவிட்டது.