அம்மன் பேசியதா, நான் பேசினேனா?

வணக்கம் ஐயா,

எனக்கு 48 வயது. சூலூர் பக்கம் குடியிருக்கிறோம். நான் வாக்கப்பட்டு வந்தபோது சோளக்காடாக இருந்த இடமெல்லாம் இப்போது சைட் போட்டு வீடாகிவிட்டது. செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் வீட்டு முன்ரூமில் உட்கார்ந்து வாக்கு சொல்கிறேன். 2009இல் எங்கள் ஊர் மாகாளியம்மன் கோயில் பூச்சாட்டின்போது, உடுக்கைச் சத்தத்தில் எனக்கு முதல்முதலாக அருள் வந்தது. பக்கத்து வீட்டு அக்காவிடம் "நீ தேடறது கெணத்துமேட்டுல கெடக்குது" என்றேனாம். தொலைந்த சாவிக்கொத்து அங்கேயே கிடைத்ததாம். அன்றிலிருந்து ஆள் வரத் தொடங்கியது. காசு இவ்வளவு என்று கேட்பதில்லை. தட்டில் ஐம்பதோ நூறோ வைத்துவிட்டுப் போவார்கள்.

ஒன்றை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். வருகிறவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பாதி விஷயம் எனக்குத் தெரிந்துவிடும். கழுத்தில் வெறும் மஞ்சள் கயிறு தெரிந்தால் கொடி அடகில் இருக்கிறது. கொண்டுவந்த எலுமிச்சம்பழத்தைத் தட்டில் வைக்காமல் கைக்குள்ளேயே உருட்டிக்கொண்டிருந்தால் புருஷன் விவகாரம். மாமியாரோடு வந்தால் குழந்தை இல்லாத குறை, தனியாக வந்தால் மாமியாரே குறை. மீதிப் பாதி எங்கிருந்து வருகிறது என்று எனக்கே தெரியாது. யோசித்துச் சொல்வதில்லை. வாயில் வந்துவிடும்.

என் வீட்டுக்காரர் கண்ணம்பாளையம் ரோட்டில் வாடகைக் கொட்டகையில் பன்னிரண்டு தறி வைத்துக் கூலிக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். காலை எட்டு மணிக்குத் தூக்குப்போசியோடு கிளம்பினால் இருட்டித்தான் வருவார். போன ஆனி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, திண்டுக்கல் பக்கமிருந்து பிழைக்க வந்த ஒரு பெண் வந்தாள். யார் வீடு என்றே தெரியாது அவளுக்கு. "எங்க வீட்டுக்காரருக்கு வேலை போயிருச்சுங்கம்மா. தறிக்காரரு பன்னெண்டு தறியையும் எடைக்குப் போட்டுட்டாரு. ரெண்டு வாரக் கூலி பாக்கி" என்றாள். எந்தக் கொட்டகை என்று கேட்டேன். சொன்னாள். என் கையில் திருநீறு இருந்தது. "ஆடி தாண்டட்டும் கண்ணு, வழி பொறக்கும்" என்று சொல்லி அவள் நெற்றியில் பூசிவிட்டேன். அவள் ஐம்பது ரூபாய் வைத்துவிட்டுப் போனாள்.

விசாரித்தால், தறியைப் போட்டு நாலு மாதம் ஆகியிருந்தது. நாலு மாதமும் மனுசன் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு போய் சூலூர்க் குளத்தங்கரையில் உட்கார்ந்திருந்திருக்கிறார். அதற்கும் முன்னால் பாவு நூல் பாக்கிக்காக என் மாமியாரின் கல் தோட்டை எடுத்து அடகு வைத்திருக்கிறார். அத்தைக்கு 76 வயது. "என் தோட்டைக் காணோம்" என்று ஒரு வருசமாகத் தேடிக்கொண்டிருந்தார். வயசாகிவிட்டது, எங்கோ வைத்துவிட்டு மறந்துவிட்டார் என்று எல்லோரும் சொன்னோம். அவர் என்னிடமே வாக்கு கேட்டார். வடக்கு மூலையில் இருக்கிறது என்று சொன்னேன். பாவம், கிழவி அரிசி மூட்டையெல்லாம் நகர்த்திப் பார்த்தார்.

இதற்கு நடுவில் மகள். சரவணம்பட்டியில் ஐடி கம்பெனியில் வேலை. நான் ஒரு ஜாதகத்துக்குக் கோயிலில் பூப்போட்டுப் பார்த்து வெள்ளைப் பூ வந்த சந்தோசத்தில் இருந்தேன். அவள் வேறொரு பையனைச் சொன்னாள், ரெண்டு வருசப் பழக்கம் என்றாள். "ஏன்டி எங்கிட்டச் சொல்லல?" என்றேன். "உனக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேம்மா" என்றாள். அப்போது எனக்கு அருள் வந்துவிட்டது. அன்று செவ்வாயும் இல்லை, வெள்ளியும் இல்லை. சமையல்கட்டில் நின்றபடியே, "இந்தக் குடியைத் தாண்டிப் போனா நீ தழைக்க மாட்டே" என்று சொல்லியிருக்கிறேன். அவள் மறுநாளே பெண்கள் விடுதிக்குப் போய்விட்டாள். போனை எடுப்பதில்லை. சின்னவன் காலேஜில் அம்மா தையல் வேலை செய்கிறார் என்று சொல்லி வைத்திருக்கிறான். அதை இப்போது பெரிதாக நினைக்கவில்லை.

ஊருக்கெல்லாம் சொல்லும் அம்மன் என் வீட்டைப் பற்றி ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை? நான் ஏமாற்றுக்காரியா, இல்லை மனநோயா? மகளிடம் அன்று பேசியது அம்மனா, நானா? நிறுத்திவிடலாம் என்றால், இப்போது அடுப்பு எரிவதே அந்தத் தட்டுக் காசில்தான்.

— பெயர் வேண்டாம், சூலூர்

அன்புச் சகோதரிக்கு,

வணக்கம். எலுமிச்சம்பழத்தை உருட்டுவதைப் பற்றி எழுதியிருந்தீர்களே, அங்கிருந்து தொடங்குகிறேன். அது ஏமாற்று வேலை என்று குறுகிப்போய் எழுதியிருக்கிறீர்கள். மனநல ஆலோசனைத் தொழிலில் இருக்கும் நாங்கள் அதைக் கற்றுக்கொள்ளக் காசு கட்டிப் படிக்கிறோம். வாய் சொல்வதைக் கேட்பதோடு கை என்ன செய்கிறது என்றும் பார்க்கவேண்டும் என்பது எங்களுக்கும் பாடம்தான். "மீதிப் பாதி வாயில் வந்துவிடும்" என்பதும் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. பதினைந்து வருசத்துக்கு மேல் ஆயிரக்கணக்கான முகங்களைப் பார்த்த மனம், தான் எதைக் கணக்குப் போட்டது என்று தனக்கே காட்டாமல் விடையை மட்டும் நீட்டும்.

ஆனால் கேட்கிறவரின் பங்கும் இதில் உண்டு. 1948இல் அமெரிக்காவில் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் 39 மாணவர்களுக்கு ஒரு தேர்வு வைத்து, "இதுதான் உன் குணம்" என்று தனித்தனியாக ஒரு தாள் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று கேட்டதற்கு, சராசரியாக 5க்கு 4.26 மதிப்பெண் போட்டார்கள். எல்லாத் தாளிலும் இருந்தது ஒரே வாசகங்கள், அதிலும் பெரும்பகுதி கடையில் வாங்கிய சோதிடப் புத்தகத்தில் இருந்தவை. "ஆடி தாண்டட்டும், வழி பொறக்கும்" என்பதும் அந்த வகைதான். வழி பிறந்தால் அம்மன் சொன்னது. பிறக்காவிட்டால் யாரும் திரும்பி வந்து கணக்குக் கேட்கப் போவதில்லை.

மனநோயா என்று கேட்டீர்கள். கோயிலில், உடுக்கைச் சத்தத்தில், ஊரே ஏற்றுக்கொண்ட நேரத்தில் வந்து, முடிந்ததும் இறங்கிவிடும் அருளை மருத்துவம் நோய் என்று சொல்வதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் 2022இலிருந்து நடைமுறையில் உள்ள 11ஆம் பதிப்பும் இதைத் தெளிவாகவே சொல்கிறது. வேண்டாத நேரத்தில், கட்டுப்பாடில்லாமல் வந்து, வாழ்க்கையைக் குலைத்தால்தான் நோய் என்று பார்க்கவேண்டும். சமையல்கட்டில் வந்தது ஒரே ஒரு முறை. அது இன்னொரு முறை வந்தாலோ, வந்தபின் நடந்தது நினைவில் இல்லாமல் போனாலோ, தள்ளிப்போடாமல் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள்.

அன்று பேசியது அம்மனா நீங்களா என்று நான் தீர்ப்புச் சொல்ல முடியாது, அது என் வேலையும் இல்லை. ஒன்றை மட்டும் கேட்கிறேன். "எனக்கு வயிறு எரியுதுடி, ரெண்டு வருசமா எங்கிட்ட மறைச்சுட்டியே" என்று அன்று நீங்கள் கத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவளும் பதிலுக்குக் கத்தியிருப்பாள். அழுதிருப்பாள். ராத்திரி பத்து மணிக்கு யாராவது ஒருவர் தோசை ஊற்றியிருப்பீர்கள். அம்மாவோடு சண்டை போடலாம். அம்மனோடு எப்படிச் சண்டை போடுவது? பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்புவதைத் தவிர அந்தப் பெண்ணுக்கு வேறு வழி இல்லாமல் போய்விட்டது.

உங்கள் கடிதத்திலேயே எனக்கு முக்கியமாகப் பட்டது அவள் சொன்ன அந்த ஒரு வாக்கியம்தான்: "உனக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேம்மா." அம்மன் ஏன் என் வீட்டைப் பற்றிச் சொல்லவில்லை என்கிறீர்கள். நான் வேறு மாதிரிப் பார்க்கிறேன். உங்களுக்கு எல்லாம் தெரியும் என்று நம்புகிற வீட்டில் உங்களிடம் யார் எதைச் சொல்வார்கள்? மகள், தெரிந்தும் அம்மா சும்மா இருப்பதால் சம்மதம் என்றே நினைத்திருக்கலாம். உங்கள் வீட்டுக்காரரோ, தினமும் நீங்கள் தூக்குப்போசியைக் கட்டித் தரும்போது, இவளுக்குத் தெரியுமா தெரியாதா என்று உள்ளுக்குள் செத்துக்கொண்டே வாங்கியிருப்பார். வெளியிலிருந்து வருகிறவர்கள் மனதைத் திறந்து கொட்டுகிறார்கள், நீங்கள் கேட்டுக்கொள்கிறீர்கள். வீட்டு ஆட்களிடம் நீங்கள் கடைசியாகக் கேள்வி கேட்டது எப்போது?

சொல்கிற நானும் யோக்கியன் இல்லை. கேஸ் சிலிண்டர் வரவில்லை என்று என் மனைவி புலம்பியபோது, "இதைச் சொல்லும்போது உனக்கு என்ன தோணுது?" என்று கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். தொழிலின் குரலை வாசலிலேயே செருப்போடு விடவேண்டும். சொல்வது சுலபம்.

காங்கேயம் பக்கம் சிவன்மலை முருகன் கோயிலில் இருக்கும் உத்தரவுப் பெட்டி உங்களுக்குத் தெரியாதது இல்லை. ஒரு பக்தரின் கனவில் ஆண்டவரே வந்து இன்ன பொருளை வை என்று சொன்னாலும், அவர் வந்து சொன்னதும் உடனே பெட்டியில் வைத்துவிடுவதில்லை. பூப்போட்டுக் கேட்டு, உத்தரவானால்தான் வைக்கிறார்கள். சாமியின் வாக்குக்கே அங்கே ஒரு மறுகேள்வி இருக்கிறது. உங்கள் வீட்டில் உங்கள் வாக்குக்கு அது இல்லை. வடக்கு மூலை என்றதும் 76 வயது மனுசி அரிசி மூட்டையை நகர்த்தினார்.

மற்றதெல்லாம் அப்புறம் இருக்கட்டும், உங்கள் வீட்டுக்காரர் விஷயம் அவசரம். தொழில் போய், கடனை மறைத்து, நாலு மாதம் குளத்தங்கரையில் தனியாக உட்கார்ந்த மனிதரைச் சாதாரணமாக விட்டுவிடக் கூடாது. இன்று ராத்திரியே, குற்றம் சாட்டாமல், நேராகக் கேளுங்கள்: "செத்துப்போயிரலாம்னு எப்பவாச்சும் தோணுச்சா மாமா?" கேட்டால் அந்த நினைப்பை நாமே கிளப்பிவிட்டதாக ஆகிவிடும் என்று பயப்பட வேண்டாம். அப்படி ஆவதில்லை, கேட்டபிறகுதான் பலருக்கு மூச்சே வருகிறது. ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள். மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் இரவு பகல் எந்நேரமும், தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய சேவை அது. அவர் இல்லை என்று சொன்னாலும் அந்த எண்ணைச் சுவரில் எழுதி வையுங்கள், செவ்வாய் வெள்ளி வருகிறவர்களுக்கும் உதவும்.

வாக்கு சொல்வதை நிறுத்துங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. அடுப்பு எரியவேண்டும். அதோடு, இப்படிப்பட்ட இடங்கள் வீண் என்றும் நான் நினைக்கவில்லை. வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த மனநோயாளிகள் 31 பேரை பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தின் மருத்துவர் ஆர். ரகுராமும் உடன் இருந்தவர்களும் ஆராய்ந்து, 2002இல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். அங்கே இருந்த நாட்களில் நோய்க்குறிகளின் அளவு கிட்டத்தட்ட 20 சதவீதம் குறைந்திருந்தது. குணமாக்கும் சக்தி ஒரு சாமியாரிடமோ மருந்திலோ இல்லாமல் அந்த இடத்திலேயே இருக்கலாம் என்பது அவர்கள் கணிப்பு. மருந்தை விட்டுவிடலாம் என்பதற்கு இது ஆதாரம் இல்லை, 31 பேர் என்பது சின்ன எண்ணிக்கை. ஆனாலும் உங்கள் முன்ரூமில் நடப்பதில் பெரும்பகுதி, ஒரு பெண் பயமில்லாமல் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசுவதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்கு நாள், இடம், பேர் எதையும் கணித்துச் சொல்ல வேண்டியதே இல்லை. யாரிடமும் மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீர்கள். செய்வினை என்று ஒரு ஆளைக் கைகாட்டாதீர்கள், அது இரண்டு குடும்பத்தை எரிக்கும். பிள்ளை பெற்ற ஒரு மாதத்தில் தூக்கமில்லாமல் பிதற்றுகிற பெண்ணைக் காத்து கருப்பு என்று கூட்டிவந்தால், திருநீறு பூசுங்கள், அப்படியே ஆட்டோவைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.

மகளுக்கு இப்போது போன் செய்து கொண்டிருக்க வேண்டாம். "அன்னைக்குப் பேசுனது எதுவா இருந்தாலும், அந்த வார்த்தைக்கு அம்மா வருத்தப்படறேன்" என்று எழுதி அனுப்பிவிட்டுக் காத்திருங்கள். பையனைப் பற்றி அவளாகச் சொல்லட்டும். நீங்கள் பூப்போட்டுப் பார்த்த ஜாதகத்தை அதில் இழுக்காதீர்கள்.

அந்தத் திண்டுக்கல் பெண்ணுக்கு நீங்கள் வழி பிறக்கும் என்று சொல்லியிருக்கிறீர்கள். இந்த வாக்கு பலிக்க வைப்பது உங்கள் கையில் இருக்கிறது. அவள் வீட்டுக்காரருக்கு இரண்டு வாரக் கூலி பாக்கி, அதை முதலில் கொடுத்து அனுப்புங்கள். அவள் வைத்த ஐம்பது ரூபாயையும் சேர்த்து.

அப்புறம் உங்கள் அத்தை. ஒரு வருசமாக அவருக்கு மறதி என்று வீடே சேர்ந்து சொன்னது, அவரும் ஏறக்குறைய நம்பியிருப்பார். தோடு எங்கே போனது என்பதை உங்கள் வீட்டுக்காரரே அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லட்டும், நீங்களும் கூட இருங்கள். வடக்கு மூலை என்று சொன்னதற்கு உங்கள் பங்குக்கு நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவேண்டியிருக்கும். அதற்கு முன்னால், அடகு ரசீது சட்டைப் பையிலோ பீரோவிலோ இருக்கும், எடுத்துப் பாருங்கள். வட்டி எவ்வளவு ஏறியிருக்கிறது, எந்தத் தேதிக்குள் திருப்ப வேண்டும் என்று அதிலேயே எழுதியிருக்கும்.