மாடு, ஆடு, மான்: பிரியான் நோய்கள் பற்றிய கேள்வி பதில்

தவறாக மடிந்த புரதத்தால் விலங்கின் மூளையைச் சிதைக்கும் பிரியான் நோய்கள் பற்றிக் கேட்கலாம் என்று அறிவித்திருந்தேன். மிருக வைத்தியராக என்னால் உறுதியாகச் சொல்லக்கூடியவற்றுக்குப் பதில் தருகிறேன்.

சாவகச்சேரி: டொக்டர், கோழிப்பண்ணையில் மிஞ்சும் தீவனத்தைக் கறவை மாட்டுக்கும் வைக்கிறேன். பிழையா?

பிழைதான், ஐயா. இன்றே நிறுத்துங்கள். பிரித்தானியாவில் 1986இல் பைத்தியப் பசு நோய் என்ற பிரியான் நோய் இனங்காணப்பட்டது. இறந்த கால்நடைகளின் இறைச்சியையும் எலும்பையும் அரைத்து மாட்டுக்கே ஊட்டியதால் பரவிய நோய் அது. 1988இல் அந்தத் தூளை மாட்டுத்தீவனத்தில் தடை செய்தார்கள். அதற்குப் பின் பிறந்த கன்றுகளிலும் பல்லாயிரம் நோயுற்றன. பன்றிக்கும் கோழிக்கும் அதே தூள் அனுமதிக்கப்பட்டிருந்தது. ஆலையிலும் பண்ணையிலும் அது மாட்டுத்தீவனத்தோடு கலந்தது. ஒரு கிராமுக்கும் குறைந்த நோயுற்ற மூளைத் திசு ஒரு கன்றுக்குத் தொற்றப் போதும். 1996இல் பண்ணை விலங்கு எதற்கும் அந்தத் தூள் கூடாது என்ற பிறகே வழி அடைபட்டது. அங்கே 1,80,000க்கும் மேற்பட்ட மாடுகளில் நோய் உறுதியானது, மனிதருக்கும் தொற்றியது. உங்கள் மாட்டுக்குத் தவிடும் எள்ளுப் புண்ணாக்கும் வையுங்கள். தீவன மூட்டையில் என்ன சேர்ந்திருக்கிறது என்று கடைக்காரரிடம் கேட்பது உங்கள் உரிமை.

வேலணை: என் ஆடு கதியாலில் உரசி உரசி முடி கொட்டுகிறது. ஸ்கிரேப்பியாக இருக்குமா?

ஸ்கிரேப்பி என்பது செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் வரும் பிரியான் நோய், தங்கச்சி. ஆனால் முதலில் பேனையும் சொறியையும் பாருங்கள். உரசலுக்கு அவைதான் வழக்கமான காரணம்.

கோண்டாவில், மாணவி: விலங்கு உயிரோடு இருக்கும்போதே இந்த நோயைக் கண்டுபிடிக்க முடியாதா?

நல்ல கேள்வி. பிரியான் என்பது உடலின் சொந்தப் புரதம் தவறாக மடிந்த வடிவம். உடல் அதை அந்நியமாகக் கருதுவதில்லை, எதிர்ப்பொருளும் உருவாவதில்லை. எனவே வழக்கமான இரத்தப் பரிசோதனை உதவாது. நோயை உறுதிப்படுத்த இன்றும் இறந்த விலங்கின் மூளைத்தண்டைத்தான் பார்க்கிறார்கள். மானில் தொண்டைக்குப் பின்னுள்ள நிணநீர்க் கணுவையும் எடுப்பார்கள். இப்போது ஆர்.டி.குயிக் என்ற முறை நம்பிக்கை தருகிறது. நல்ல புரதக் கரைசலில் மாதிரியைச் சிறிதளவு இட்டுக் குலுக்குவார்கள். பாலில் விட்ட உறைமோர் போல, தவறாக மடிந்த புரதம் மற்றவற்றையும் தன் வடிவுக்கு மாற்றும். சேர்த்திருக்கும் சாயம் ஒளிரும். உயிருள்ள மானின் மலக்குடல் ஓரத் திசுவிலும் உமிழ்நீரிலும்கூட ஆய்வாளர்கள் இவ்வாறு பிரியானைக் கண்டிருக்கிறார்கள். ஆனால் தொற்றின் தொடக்கத்தில் தவறவிட வாய்ப்புண்டு. ‘இல்லை’ என்று வந்தால் அதை நம்பி மந்தையை விடுவிக்கக் கூடாது.

நெடுந்தீவு: தடுப்பூசி உண்டா?

பயன்பாட்டில் எதுவும் இல்லை, சிகிச்சையும் இல்லை. செம்மறியில் நோயை எதிர்க்கும் ஏ.ஆர்.ஆர். என்ற மரபணு வகை உள்ள கிடாய்களைத் தேர்ந்து இனப்பெருக்கம் செய்து ஐரோப்பாவில் ஸ்கிரேப்பியைப் பெரிதும் குறைத்தார்கள். வெள்ளாட்டில், பிரியான் புரதத்தின் 222ஆம் இடத்து மாற்றம் ஒன்று அத்தகைய காப்பைத் தருகிறது. எனக்கு மிகவும் பிடித்த ஆராய்ச்சி இதுதான்.

பருத்தித்துறை: கனடாவில் மகன் மான் வேட்டைக்குப் போகிறான். அங்கே மானுக்கு ஏதோ நோயாமே?

அது நாட்பட்ட மெலிவு நோய், அம்மா. 1967இல் அமெரிக்காவின் கொலராடோவில் முதலில் காணப்பட்டது. பின்னர் கனடாவிலும் தென் கொரியாவிலும், 2016இல் நோர்வேயின் துருவமான்களிலும் வெளிப்பட்டது. மனிதருக்குத் தொற்றியதாக இதுவரை உறுதியாகவில்லை. ஆயினும், வேட்டையாடிய மானின் தலையைச் சோதனைக்குக் கொடுத்து, முடிவு வந்தபின் உண்ணச் சொல்லுங்கள். நோயுள்ளது என்றால் இறைச்சியை எறிய வேண்டும். சமைத்தால் பிரியான் அழியாது. மண்ணில் ஆண்டுக்கணக்கில் தங்கும். மூளையையும் முதுகுத்தண்டையும் தொடாமல் இருப்பது நல்லது.

கோப்பாய்: பசு தள்ளாடுகிறது, வாயில் நுரை. பைத்தியப் பசு நோயா? ஏதும் சிக்கியிருக்கிறதா என்று வாய்க்குள் கை விட்டுப் பார்த்தேன்.

தம்பி, இங்கே முதலில் சந்தேகிக்க வேண்டியது விசர்நாய்க்கடி நோய். கையைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். இன்றே வைத்தியசாலைக்குப் போய்த் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். பசுவைத் தனியே கட்டுங்கள், பாலைக் கறக்க வேண்டாம். அது இறந்தால் புதைக்கும் முன் உங்கள் பகுதி மிருக வைத்தியருக்கு அறிவியுங்கள். மூளை மாதிரி எடுக்காமல் எந்த நோயென்று யாராலும் சொல்ல முடியாது.