கடைசி நாளில் தெற்கே திரும்பாதீர்கள்: டர்பனில் ஒரு பகல்

கேள்வி: நானும் என் மனைவியும் ஜூலையில் தென்னாப்பிரிக்கா வருகிறோம். கடைசி இரண்டு நாள் டர்பனில், கடற்கரை ஓட்டலில் தங்குகிறோம். வியாழக்கிழமை கிளம்புகிறோம். காலை 10 மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டும், விமானம் இரவு 7 மணிக்கு. எனக்கு உஷாக்கா மீன் காட்சியகமும் உலகக் கோப்பை ஸ்டேடியமும் பார்க்க ஆசை. அவளுக்குப் பழைய கோவிலும் மசாலா மார்க்கெட்டும். அவளுடைய கொள்ளுத்தாத்தாவின் தம்பி நேட்டாலுக்கு (டர்பன் உள்ள பகுதியின் பழைய பெயர்) கப்பல் ஏறிப் போனார் என்று வீட்டில் சொல்வார்கள், அதையும் அன்றைக்கே விசாரிக்க முடியுமா? பெட்டிகளை எங்கே வைப்பது? (வேலூரிலிருந்து ஒரு வாசகர்)

பெட்டியிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் கடைசி நாளைக் கெடுப்பது பெரும்பாலும் பெட்டிதான்.

ஊரின் வரைபடத்தை எடுத்து ஒருமுறை பாருங்கள். டர்பன் கடற்கரை தெற்கு வடக்காக நீண்டு கிடக்கிறது. தெற்கு முனையில் துறைமுகமும் உஷாக்காவும், நடுவில் உங்கள் ஓட்டல், வடக்கே உம்கேனி ஆறு, அதற்கும் வடக்கே உம்லாங்கா, எல்லாம் தாண்டி நகரத்திலிருந்து சுமார் 35 கிலோமீட்டரில் கிங் ஷாகா விமான நிலையம். நீங்கள் பார்க்க விரும்புவதில் பாதிக்கு மேல் விமான நிலையம் போகிற வழியிலேயே வரிசையாக இருக்கிறது. அதனால் காலையில் தெற்கில் ஆரம்பியுங்கள், வடக்கே போய்க்கொண்டே இருங்கள், திரும்பி மட்டும் வராதீர்கள்.

பெட்டியை ஓட்டலில் விட்டுவிட்டுச் சுற்றினால் அதை எடுக்கவே திரும்பி வர வேண்டியிருக்கும். நான் இந்த ஊரில் வண்டி ஓட்டிச் சுற்றிக் காட்டும் வேலைக்கு வந்த புதிதில் திருச்சிக்காரத் தம்பதி ஒருவரை அப்படித்தான் அழைத்துப் போனேன். உம்லாங்காவில் மதியச் சாப்பாடு, ஓட்டலுக்குத் திரும்பிப் பெட்டி, அப்புறம் விமான நிலையம் என்று திட்டம். நாலு மணிக்கு நகரத்திலிருந்து வடக்கே போகும் சாலை முழுக்க அலுவலகம் விட்ட வண்டிகள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கவுன்டரை மூடியிருந்தார்கள். அந்த அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை, பெட்டி மேல் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். திட்டம் போட்டது நான், தப்பும் என்னுடையது. அதற்குப் பிறகு கடைசி நாளில் யாரையும் நான் தெற்கே திருப்பியதில்லை.

ஆகவே அன்றைக்கு மட்டும் முழு நாளுக்கு டிரைவரோடு ஒரு வண்டி பேசிக்கொள்ளுங்கள். இடத்துக்கு இடம் ஊபர் பிடித்தால் பெட்டிகளை ஒவ்வொரு முறையும் ஏற்றி இறக்க வேண்டும், நிம்மதி இருக்காது. ஓட்டலிலேயே சொன்னால் ஏற்பாடு செய்வார்கள். நீங்கள் இறங்கிப் பார்க்கும்போது டிரைவர் வண்டியிலேயே இருக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே பேசிவிடுங்கள், பெட்டிகள் டிக்கிக்குள் போகட்டும், பின் சீட்டில் ஒரு கைப்பைகூடக் கிடக்கக் கூடாது. நீங்களே கார் வாடகைக்கு எடுத்து ஓட்டினால் இன்னொரு விஷயம்: இங்கே ரிமோட் சிக்னலை மறிக்கும் கருவியைத் திருடர்கள் வைத்திருக்கிறார்கள். நீங்கள் பொத்தானை அமுக்கி, பூட்டிவிட்டது என்று நம்பி நடந்துவிடுவீர்கள், கதவு திறந்தே இருக்கும். பூட்டிய பிறகு கைப்பிடியை ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.

அடுத்து, உஷாக்காவையும் மார்க்கெட்டையும் புதன்கிழமைக்கு மாற்றுங்கள். இதில் நான் கொஞ்சம் பிடிவாதமாகவே சொல்கிறேன். உஷாக்காவின் மீன் காட்சியகம் பழைய சரக்குக் கப்பல் ஒன்று உடைந்து கிடப்பது போலக் கட்டியது, அந்தக் கப்பலின் வயிற்றுக்குள் இறங்கி நடந்தபடி சுறாக்களைப் பார்க்கலாம், அவசரமாகப் பார்த்தாலும் மூன்று மணி நேரம் ஓடிவிடும். அது இருப்பதோ தெற்கு முனையில். மார்க்கெட்டில் பேரம் பேசி, வாங்கி, அதைப் பெட்டிக்குள் அடுக்க முந்தின இரவு வேண்டும், ஓட்டல் வாசலில் நின்று பெட்டியைத் திறந்து மூட வேண்டாம்.

மார்க்கெட் என்றால் விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட். பழைய கட்டடம் 1973-ல் எரிந்துபோய், இப்போது இருப்பது பிறகு கட்டியது. தெருப் பெயர்கள் பல மாறிவிட்டதால் போனில் வழி தேடும்போது குழம்புவீர்கள்: விக்டோரியா ஸ்ட்ரீட் இப்போது பெர்த்தா ம்கீசே ஸ்ட்ரீட், கிரே ஸ்ட்ரீட் இப்போது டாக்டர் யூசுப் தாதூ ஸ்ட்ரீட், பாயின்ட் ரோடு மகாத்மா காந்தி ரோடு ஆகிவிட்டது. வயதானவர்கள் பழைய பெயரைத்தான் சொல்வார்கள். உள்ளே போனால் மசாலாப் பொடிகளைக் கோபுரம் கோபுரமாகக் குவித்து உச்சியில் பெயர் அட்டை செருகியிருப்பார்கள், அதில் மாமியாரை ஒழிக்கும் மசாலா என்ற அர்த்தத்தில் ஒரு பெயர் இங்கே ரொம்பப் பிரபலம், காரம் அப்படி. உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள்: குவியலில் நிறத்தைப் பார்த்து வாங்க வேண்டாம், உள்ளங்கையில் ஒரு சிட்டிகை வாங்கித் தேய்த்து முகர்ந்து பார்த்துவிட்டு அதே பொடியைச் சீல் வைத்த பாக்கெட்டில் கேட்கட்டும். போகும்போது கழுத்துச் சங்கிலியை ஓட்டலில் விட்டுவிடுங்கள், போனைக் கையில் வைத்துக்கொண்டு நடக்காதீர்கள், இருட்டுவதற்குள் திரும்பிவிடுங்கள். ஜூலையில் இங்கே குளிர்காலம், மாலை 5 மணி தாண்டியதும் சூரியன் மறைந்துவிடும்.

சரி, வியாழக்கிழமைக்கு வருகிறேன்.

குளிர்காலத்தில் சூரியன் 6.50 வாக்கில்தான் எழும், அதனால் அரைத் தூக்கத்தில் ஓட வேண்டிய அவசியம் இல்லை. நம் மெரினா மாதிரி இதுவும் கிழக்குப் பார்த்த கடல். கடற்கரையை ஒட்டி நடப்பதற்கென்றே அகலமான பாதை சுமார் 8 கிலோமீட்டருக்குப் போட்டிருக்கிறார்கள், அதில் அரை மணி நடந்தால் போதும். கடலுக்குள் நீட்டிக் கட்டியிருக்கும் பாலங்களில் ஒன்றின் நுனிக்குப் போய் நில்லுங்கள். தூண்டில் போடுகிறவர்கள் வாளியோடு உட்கார்ந்திருப்பார்கள், பாலத்துக்கு இரண்டு பக்கமும் அலைச்சறுக்குப் பையன்கள், துறைமுகத்துக்கு வெளியே முறைக்குக் காத்திருக்கும் கப்பல்கள். ஜூலையிலும் தண்ணீர் சில்லிடாது, தெற்கே இறங்கும் அகுல்யாஸ் நீரோட்டம் வெப்பமண்டலத்து நீரைக் கொண்டுவருகிறது. குளிப்பதாக இருந்தால் கொடி நட்ட இடத்துக்குள் மட்டும் குளியுங்கள், ஆனால் அன்றைக்குப் பாதத்தை நனைப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது, ஈரத் துணியோடு பெட்டி மூட முடியாது. மணிகள் கோத்த பெரிய தலையணியோடு ரிக்‌ஷாக்காரர்கள் நிற்பார்கள். ஏறுவதற்கு முன்பே கட்டணத்தைப் பேசுங்கள், படம் எடுக்கவும் சேர்த்துத்தானா என்று கேளுங்கள்.

ஒன்பது மணிக்குள் அறையைக் காலி செய்துவிடுங்கள். முதலில் டெர்பி ஸ்ட்ரீட்டில் உள்ள 1860 பாரம்பரிய மையம்.

உங்கள் மனைவியின் கேள்விக்கு இங்கேதான் பதில். 1860 நவம்பர் 16-ல் ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேரோடு இந்தத் துறைமுகத்துக்கு வந்தது. அதுதான் முதல் ஒப்பந்தக் கூலிக் கப்பல். 1911 வரை வந்தவர்கள் மொத்தம் 1,52,184 பேர். அதில் பெரும் பங்கு சென்னையில் கப்பல் ஏறியவர்கள், உங்கள் வட ஆற்காடு மாவட்டத்திலிருந்து வந்தவர்களும் ஏராளம். ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுத்து, பெயர், தகப்பனார் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம் எல்லாம் பதிவேட்டில் எழுதியிருக்கிறார்கள். உடலில் இருந்த அடையாளங்களும் உண்டு: எங்கே தழும்பு, எங்கே மச்சம் என்று. கொள்ளுத்தாத்தாவின் தம்பிக்குப் படம் கிடைக்காது, ஆனால் அவர் உடம்பில் எங்கே தழும்பு இருந்தது என்பது ஒரு வரியில் கிடைத்துவிடலாம். அப்படி ஒரு வரியை வாசித்துவிட்டு வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் அன்றைக்கே போய்த் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. அந்த எண்ணிக்கையில் முனுசாமிகளே எத்தனை பேர் இருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். வெள்ளைக்கார எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியதால் ஒரே பெயர் நாலு விதமாக இருக்கும், கிராமப் பெயர் அதைவிட மோசம். இப்போதே வீட்டுப் பெரியவர்களிடம் நான்கு விவரம் கேட்டு வாங்குங்கள்: அவர் பெயர், தகப்பனார் பெயர், கிராமமும் பக்கத்துப் பெரிய ஊரும், எந்த வருடத்தை ஒட்டிப் போனார் என்பது. வருடம் தெரியாவிட்டால் குடும்பத்தில் நடந்த ஒரு கல்யாணமோ பெரிய பஞ்சமோ எதற்கு முன், எதற்குப் பின் என்று கேட்டால் ஞாபகம் வரும். பெயரை விட்டுவிட்டுத் தகப்பனார் பெயரையும் கிராமத்தையும் பிடித்துத் தேடுவதுதான் என் அனுபவத்தில் பலன் கொடுத்தது. இவற்றை மையத்துக்கு ஒரு மாதம் முன்பே எழுதி அனுப்பி, வியாழக்கிழமை காலை வருகிறோம் என்று நேரமும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்றும் கிடைக்காவிட்டாலும் அங்கே வைத்திருக்கும் படங்களையும் பொருட்களையும் பார்க்க முக்கால் மணி நேரம் கொடுங்கள்.

அங்கிருந்து ஐந்து நிமிடத்தில் தாவரவியல் பூங்கா. 1849-ல் தொடங்கியது, நுழைவுக் கட்டணம் கிடையாது. முழுவதும் சுற்ற நேரமில்லை, ஒரே ஒரு செடியைக் கேட்டுப் போய்ப் பாருங்கள்: உட் என்பவரின் பெயரில் உள்ள சைகட் மரம், பார்வைக்குப் பனை மாதிரி இருக்கும். இந்தப் பூங்காவைக் கவனித்துவந்த ஜான் மெட்லி உட் 1895-ல் இங்கிருந்து வடக்கே ஓங்கோயே காட்டில் கண்டது. அது ஆண் மரம். பெண் மரம் இன்றுவரை எந்தக் காட்டிலும் அகப்படவில்லை. உலகத்தில் இப்போது எங்கெல்லாம் இந்த மரம் இருக்கிறதோ அத்தனையும் அந்த ஒன்றின் பக்கக் கன்றுகள்தான், விதையில் முளைத்தது ஒன்றுகூட இல்லை. வழவழப்பான கரும்பச்சை ஓலை, தடித்த அடிமரம். என் மனைவி முதல்முறை வந்தபோது வேலிப் பக்கம் நின்று அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், நான் கூப்பிட்டும் வரவில்லை.

ஸ்டேடியத்துக்குத் தனி நேரம் வேண்டாம். பூங்காவிலிருந்து உம்கேனி ரோடு போகும் வழியில் 106 மீட்டர் உயர வளைவு தானாகவே கண்ணுக்குத் தெரியும், இரண்டு நிமிடம் நிறுத்திப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கோவிலுக்குப் பதினொன்றரைக்குள் போய்விட வேண்டும், உச்சி நேரத்தில் நடை சாத்திவிட்டால் வெளியே நின்று கும்பிட வேண்டியதுதான். உம்கேனி ரோட்டில் இருப்பது வைத்தியநாத ஈஸ்வரர் ஆலயம், இந்த நாட்டின் பழமையான இந்துக் கோவில்களில் ஒன்று. தைப்பூசக் காவடி நம் ஊர் போலவே, அதோடு சித்திரையிலும் இங்கே காவடி எடுப்பார்கள். அங்கே சந்திக்கும் பெரியவர்கள் கோவிந்தர், மூட்லி, படையாச்சி, நாயுடு என்று பெயர் சொல்வார்கள். கவுண்டர் கோவிந்தராகவும், முதலி மூட்லியாகவும் ஆனது பதிவேட்டு எழுத்தில்தான். பலருக்குத் தமிழ் பேச வராது, ஆனால் தேவாரத்தை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு ராகம் பிசகாமல் பாடுவார்கள். தமிழ் தெரியாதா என்று தயவுசெய்து கேட்காதீர்கள். எந்த ஊரிலிருந்து உங்கள் ஆயா, தாத்தா வந்தார்கள் என்று கேளுங்கள், பேச்சு தானாக வரும்.

மதியத்துக்கு பன்னி சௌ. ஆங்கிலத்தில் பன்னி என்றால் முயல், ஆனால் இது முயல் கறி இல்லை, பயப்படாதீர்கள்: ரொட்டியின் நடுவைக் குடைந்தெடுத்துவிட்டு அதற்குள் கறிக்குழம்பை ஊற்றித் தருவது. கால் ரொட்டி என்று கேளுங்கள், அரை ரொட்டி வாங்கினால் விமானத்தில் நெஞ்சைக் கரிக்கும். சைவம் என்றால் பீன்ஸ் குழம்பு. கூட கேரட், வெங்காயம், பச்சை மிளகாய் துருவல் வரும். கரண்டி கேட்காதீர்கள். மேலே மூடியாக வைத்திருக்கும் ரொட்டித் துண்டை முதலில் எடுத்துத் தொட்டுச் சாப்பிட்டு, குழம்பு இறங்க இறங்கச் சுவரை மேலிருந்து கிள்ளிக்கொண்டே வாருங்கள். அடியைத் தொட்டால் குழம்பு மடியில் இருக்கும். அடி ரொட்டி கடைசியில் குழம்பில் ஊறிக் கிடக்கும், அதுதான் எல்லாவற்றிலும் ருசி.

ஒரு மணிக்கு உம்லாங்கா புறப்படுங்கள், எம்4 கடற்கரைச் சாலை, அரை மணிக்கும் குறைவு. பாறை மேல் 1954-ல் கட்டிய சிவப்பு வெள்ளைக் கலங்கரை விளக்கம். அங்கிருந்து கடலோரமாகவே நடந்தால் திமிங்கல விலா எலும்பு மாதிரி வளைவுகள் அடித்த பாலம் ஒன்று வரும். பெஞ்சில் உட்கார்ந்து அடிவானத்தைப் பாருங்கள். ஜூலையில் கூன்முதுகுத் திமிங்கலங்கள் குட்டி போட வடக்கே போகும் நேரம், திடீரென்று ஒரு வெள்ளைத் தூவானம் எழும்பி அடங்கும். முதலில் அலை என்று நினைப்பீர்கள், இரண்டாவது தடவை எழும்பும்போது தெரிந்துவிடும். உங்கள் இருவருக்கும் வேலை எதுவும் இல்லாத ஒரு மணி நேரம் அந்த நாளில் இது மட்டும்தான், இதில் இன்னொரு இடத்தைச் சேர்க்காதீர்கள்.

மூன்று மணிக்குக் கிளம்பினால் மூன்றரைக்கு முன்பே விமான நிலையம். அந்த அரை மணி முன்கூட்டியே போகச் சொல்வது வாட் பணத்துக்காக. இங்கே பொருளுக்கு 15 சதவீதம் வரி, வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் வாங்கி எடுத்துப் போகும் பொருட்களின் மொத்த மதிப்பு 250 ராண்டுக்கு மேல் இருந்தால் திரும்பக் கேட்கலாம். கடையில் சாதா ரசீது வாங்கினால் செல்லாது, வரி எண் போட்ட டாக்ஸ் இன்வாய்ஸ் என்று கேட்டு வாங்குங்கள். 5000 ராண்டுக்கு மேலான பொருள் என்றால் உங்கள் பெயரும் முகவரியும் அதில் இருக்க வேண்டும். மார்க்கெட்டுச் சிறு கடைகள் பலவற்றில் இது கிடைக்காது, பெரிய கடைகளில் கிடைக்கும். பொருளை அதிகாரி கண்ணால் பார்க்க வேண்டும், அதனால் பெட்டியை கவுன்டரில் போடுவதற்கு முன்பே வாட் மேசைக்குப் போங்கள். ரசீது உள்ள பொருட்களை ஒரே பையில் போட்டுப் பெட்டியின் மேலாக வைத்திருந்தால் நடு ஹாலில் துணிமணிகளைக் கலைக்க வேண்டியதில்லை. அது முடிந்ததும் ஊறுகாய், சட்னி பாட்டில்களைப் பெட்டியிலேயே விட்டு மூடுங்கள், கைப்பையில் இருந்தால் பாதுகாப்புச் சோதனையில் வாங்கி வைத்துக்கொள்வார்கள்.