சர்வசம முக்கோணங்களில் எழுத்துகளின் வரிசை ஏன் முக்கியம்?

கொழிஞ்சாம்பாறையில் தமிழ் வழியில் படிக்கும் மகளுக்காகக் கேட்டிருக்கிறீர்கள்: படத்தைத் திருப்பி வரைந்தால் ஒத்த பக்கம் எது என்று அவளுக்குப் பிடிபடவில்லை, எழுத்து வரிசையை மாற்றினால் ஏன் மதிப்பெண் போகிறது என்றும்.

வரிசைதான் இங்கே எல்லாமே. சர்வசமம் (≅) என்றால் வடிவமும் அளவும் ஒன்றே. பாலக்காட்டுப் பக்கத்து ஓட்டு வீட்டின் கூரையைப் பக்கவாட்டில் பாருங்கள். உச்சி உ, இடக்கோடி இ, வலக்கோடி வ, உச்சிக்கு நேர் கீழே குறுக்கு மரத்தில் (விட்டத்தில்) ந. இரு சரிவுகளும் ஒரே நீளம். உந இரண்டுக்கும் பொது. ந-வில் இருபுறமும் 90°; அதற்கு எதிரே உள்ள சரிவுகளே கர்ணங்கள். ஆக, செங்கோணம்-கர்ணம்-பக்கம் விதிப்படி ∆உநஇ ≅ ∆உநவ.

முதலெழுத்துக்கு முதலெழுத்து, இரண்டாவதற்கு இரண்டாவது என்று வாசியுங்கள். இ-க்கு ஒத்தது வ. அதனால் நஇ = நவ, சரிவுக் கோணங்களும் சமம். இவை அளக்காமலே கிடைத்தவை! இதையே ∆உநஇ ≅ ∆நஉவ என்று எழுதினால், 90° உள்ள ந-வுக்கு ஒத்தது உ என்றாகிவிடும். அது பொய். மதிப்பெண் போவது நியாயமே.

படம் திரும்பியிருந்தால் இடம் வலம் பார்க்க வேண்டாம். சமக் கோணங்களுக்கு எதிரே இருப்பவை ஒத்த பக்கங்கள். மிகப் பெரிய கோணத்துக்கு எதிரே மிக நீளமான பக்கம். மூன்று கோணங்களும் சமம் என்பது மட்டும் போதாது: 3, 4, 5 செ.மீ. முக்கோணமும் 6, 8, 10 செ.மீ. முக்கோணமும் வடிவொத்தவை (வடிவம் ஒன்று, அளவு வேறு), சர்வசமம் அல்ல.