பழைய பிஎச்பி ப்ராஜெக்டில் பிஎச்பிஸ்டான் ஆயிரக்கணக்கில் பிழை காட்டுகிறது, விட்டுவிடலாமா?

விடாதீர்கள். பத்து வருடப் பழைய கோடு, பிஎச்பிஸ்டானை (பிஎச்பி கோடைப் படித்துப் பிழை தேடித் தருகிற டூல்) ஓட்டினால் நாலாயிரத்துச் சொச்சம் பிழை, டீமில் கேலி செய்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் ஓட்டத்திலேயே லெவல் மேக்ஸ் போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். லெவல் என்பது எவ்வளவு கண்டிப்பாகப் பார்க்க வேண்டும் என்பது; 0 ஆகத் தளர்ந்தது, மேக்ஸ் உச்சம். யூடியூபில் சொல்லித் தருகிறவர்கள் புத்தம் புது ப்ராஜெக்டில் அப்படித்தான் போட்டுக் காட்டுகிறார்கள், அவர்களுக்குப் பச்சையில் ஓகே வரும். நமக்கு வராது.

(போனில் எழுதுகிறேன், கீபோர்டை மாற்றி மாற்றி அடிக்கப் பொறுமையில்லை. கமாண்டுகளும் தமிழிலேயே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

நான் பார்த்தது ஜவுளிக் கடைகளுக்கான ஒரு பில்லிங் சாப்ட்வேர். எழுதியவர்கள் யாரும் இப்போது அங்கே இல்லை. லீட் ஒருவர் ஆர்வமாகப் பிஎச்பிஸ்டானைப் போட்டார், மேக்ஸில் ஓட்டினார், திரை நிரம்பி வழிந்தது, ‘இது நம்ம கோடுக்குச் சரிப்பட்டு வராது’ என்று மூடிவிட்டார். அப்புறம் என் தலையில் வந்து விழுந்தது.

நிறுவுவதில் ஒன்றுமில்லை. காம்போசர் (பிஎச்பி பேக்கேஜ்களை இறக்கித் தருகிற டூல்) ரிக்வயர், கூடவே டெவ் ஆப்ஷன், அவ்வளவுதான். இப்போதைய 2.எக்ஸ் வெர்ஷனுக்கு, அது ஓடுகிற மெஷினில் பிஎச்பி 7.4 அல்லது அதற்கு மேல் வேண்டும். பாதியில் செத்துப்போனால் பயப்படாதீர்கள், மெமரி 128 எம்பியில் முட்டியிருக்கும். மெமரி லிமிட் ஆப்ஷனில் 1ஜி கொடுத்தால் ஓடும்.

உண்மையான வேலை இதற்குப் பிறகுதான். எங்கள் கோடில் ஆட்டோலோட் (வேண்டிய கிளாஸின் ஃபைலைத் தானாகத் தேடி எடுப்பது) கிடையாது. ஒவ்வொரு ஃபைலின் தலையிலும் வரிசையாக இன்க்ளூட், அதிலும் பாதையை வேரியபிளில் ஒட்டி ஒட்டி எழுதியிருப்பார்கள். பிஎச்பிஸ்டான் உங்கள் கோடை ஓட்டிப் பார்ப்பதில்லை, படிக்க மட்டும்தான் செய்கிறது. அதனால் பாதி கிளாஸ்கள் அதன் கண்ணிலேயே படவில்லை, ‘கிளாஸ் நாட் ஃபவுண்ட்’ என்று வண்டி வண்டியாகக் கொட்டியது. பிஎச்பிஸ்டானின் கான்ஃபிக்கான நியான் ஃபைலில் ஸ்கேன் டைரக்டரீஸ் என்று ஒரு செட்டிங் உண்டு, அதில் அந்த ஃபோல்டர்களைச் சொல்லிவிட்டால் இந்தக் கூட்டம் கலைந்துவிடும். டிஃபைன் செய்த கான்ஸ்டன்ட்களுக்கு பூட்ஸ்ட்ராப் ஃபைல்ஸ். ஆனால் இங்கே ஒன்று கவனியுங்கள்: பூட்ஸ்ட்ராப்பில் கொடுக்கிற ஃபைலை மட்டும் அது நிஜமாகவே ஓட்டும். எங்கள் கான்ஃபிக் ஃபைலில் கான்ஸ்டன்ட்களோடு டேட்டாபேஸ் கனெக்ஷனும் சேர்ந்தே கிடந்தது. கான்ஸ்டன்ட்களை மட்டும் தனி ஃபைலாகப் பிரித்து அதைத்தான் கொடுத்தேன்.

இவ்வளவும் லெவல் 0-வில். மிச்சம் இருந்த லிஸ்ட் உட்கார்ந்து படிக்கிற அளவுக்கு வந்துவிட்டது, படித்தேன். அதில் ஒரு வரி, பில் கேன்சல் கிளாஸில் இல்லாத மெத்தடைக் கூப்பிடுகிறாய் என்று. போய்ப் பார்த்தால், அன்றைய கணக்கை முடித்த பிறகு கேன்சல் செய்தால் மட்டும் நுழைகிற ஒரு இஃப், அதற்குள்ளே ஸ்டாக்கைத் திருப்பி ஏற்றுகிற மெத்தட். அதன் பெயரை யாரோ எப்போதோ மாற்றியிருக்கிறார்கள், இந்த ஒரு இடத்தை மட்டும் மறந்துவிட்டார்கள். பிஎச்பியில் அந்த வரி ஓடும்வரை யாரும் சொல்லப்போவதில்லை. அதற்கு முந்தைய வரியிலேயே பில் கேன்சல் என்று டேட்டாபேஸில் பதிவாகிவிடுகிறது. ஆக பில் போய்விடும், புடவை ஸ்டாக்கில் ஏறாது. ஒரு கடைக்காரர் ரொம்ப நாளாக ‘இருப்புக் கணக்கு இடிக்குது தம்பி’ என்று சொல்லிக்கொண்டே இருந்தார், ‘உங்க ஆளுங்க சரியா என்ட்ரி போடலைங்க’ என்று நம் சப்போர்ட்காரர்கள் அவரையே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம்தான் லெவலை 5-க்கு ஏற்றி, ஜெனரேட் பேஸ்லைன் கொடுத்தேன். அந்த நிமிடம் வரை இருக்கிற பிழைகள் எல்லாம் தனி ஃபைலில் போய் உட்கார்ந்துகொள்ளும், அதை உங்கள் நியான் ஃபைலில் இன்க்ளூட்ஸ் கீழே சேர்த்துவிடுங்கள். இனி புதிதாக எழுதுகிறதற்குத்தான் சத்தம் போடும். பிழை இருந்தால் எக்ஸிட் கோடு பூஜ்யமாக இருக்காது, அதனால் பைப்லைனில் (கோடு மெர்ஜ் ஆகும் முன் தானாக ஓடுகிற சோதனைகள்) ஒரு வரி சேர்த்து, அது பாஸ் ஆனால்தான் மெர்ஜ் என்று வைத்துவிட்டால் மெர்ஜ் நின்றுவிடும்.

இது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை என்று கீழே யாராவது வந்து எழுதுவார்கள், தெரியும். எந்த ஃபைலில் எந்தப் பிழை எத்தனை தடவை என்று பேஸ்லைனில் எழுதியே இருக்கிறது, மூன்றில் ஒன்றைச் சரிசெய்தால்கூட ‘இங்கே மூன்று இருக்க வேண்டுமே, இரண்டுதானே இருக்கிறது’ என்று அது கேட்கும், பேஸ்லைனைத் திருத்தித்தான் ஆக வேண்டும். மறைக்கிறவன் இப்படிக் கணக்கு வைத்துக்கொண்டா மறைப்பான்? முழுசாக லாராவெல் ஃப்ரேம்வொர்க்கில் திருப்பி எழுதச் சொல்கிறவர்கள் அதற்கான சம்பளத்தையும் கையோடு அனுப்பிவிடுங்கள்.

ஒன்றே ஒன்றுக்குத்தான் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. அந்த பேஸ்லைனை எடுத்து, கிட் பிளேமில் (ஒவ்வொரு வரியையும் கடைசியாகத் தொட்டது யார் என்று காட்டுவது) யார் பெயர் வருகிறதோ அவர் தலையில் எண்ணிக்கையைப் போட்டு, ஒரு எக்செல் தயாரித்து அப்ரைசலுக்குக் கொண்டுவந்தார் எங்கள் மேனேஜர். இண்டென்ட் சரிசெய்தவன் பெயரில் எல்லாம் பிழை. அந்த வேலையை அதிகம் செய்தவன் நான்தான், ஆக முதலிடம் எனக்கு. பெல் கர்வில் (சிலருக்குக் கீழ் ரேட்டிங் கொடுத்தே ஆக வேண்டும் என்கிற முறை) யாரையாவது கீழே தள்ள வேண்டும், அதற்கு ஒரு காரணம் கிடைத்தது. ஐந்து சதவீதம் ஹைக், அதிலும் பாதி வேரியபிள், அந்த வேரியபிள் எந்த மாதம் வரும் என்று கேட்டால் எச்ஆர் ‘டிக்கெட் ரெய்ஸ் பண்ணுங்க’ என்கிறார். சரி, அது வேறு கதை.

நீங்கள் செய்ய வேண்டியது: மேக்ஸை 0-ஆக மாற்றி, ஸ்கேன் டைரக்டரீஸைச் சரியாகக் கொடுத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். அந்த நாலாயிரம் எவ்வளவாக இறங்கியது என்று கமெண்டில் சொல்லுங்கள். எந்த வெர்ஷன் என்று பதிந்து வைத்திருக்கிற காம்போசர் லாக் ஃபைலையும் கிட்டில் சேர்த்துவிடுங்கள், இல்லையென்றால் ஆளுக்கொரு வெர்ஷன் ஓடி, உங்கள் மெஷினில் வராத பிழை பக்கத்து சீட்டில் வரும்.