வங்கிகளுக்குக் கைமாற்று கொடுப்பது யார்?

போன இதழில் ரெப்போ வட்டி பற்றி, அதாவது மைய வங்கி (நம் நாட்டில் ரிசர்வ் வங்கி) மற்ற வங்கிகளுக்குக் குறுகிய காலக் கடன் கொடுக்கும் வட்டி பற்றி, எழுதியதைப் படித்துவிட்டு நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். அவற்றில் ஐந்து கேள்விகளை இந்த முறை எடுத்துக்கொள்கிறேன். வங்கியின் ட்ரெஷரி பிரிவில் உட்கார்ந்து இந்தப் பணத்தோடு தினமும் மல்லுக்கட்டியவன் நான். அதனால் பதில் சில இடங்களில் நீளும்.

கேள்வி: ரெப்போவில் பணம் கொடுத்தார்கள், சி.ஆர்.ஆரைக் குறைத்தார்கள், கடன் பத்திரம் வாங்கினார்கள் என்று செய்திகளில் மாறி மாறி வருகிறது. மூன்றுமே வங்கிகளுக்குப் பணம் கொடுப்பதுதானே? எதற்கு மூன்று வழி? (பொருளாதாரம் படிக்கும் கல்லூரி மாணவர்)

பதில்: நல்ல கேள்வி தம்பி. நமக்கு வங்கியில் கணக்கு இருப்பதுபோல, வங்கிக்கு மைய வங்கியில் ஒரு கணக்கு உண்டு. நீங்கள் வேறொரு வங்கியில் இருக்கும் நண்பருக்குப் பணம் அனுப்பினால், கடைசியில் அது அந்த இரண்டு வங்கிகளின் மைய வங்கிக் கணக்குகளுக்கு இடையேதான் தீர்வாகும். அந்தக் கணக்கில் இருப்பதுதான் வங்கியின் கையிருப்பு.

மாலை நெருங்க நெருங்க ட்ரெஷரியில் எல்லார் கண்ணும் அந்த ஒரு எண்ணின் மேல்தான் இருக்கும். கட்டாயம் வைக்க வேண்டியதற்கு மேல் இருந்தால் இன்னொரு வங்கிக்கு ஓர் இரவுக்குக் கடன் கொடுப்போம். குறைந்தால் வாங்குவோம். இதைத்தான் கால் மணி (call money) சந்தை என்கிறோம். பெரிய வாடிக்கையாளர் ஒருவர் கடைசி நேரத்தில் பெருந்தொகையை வேறு வங்கிக்கு மாற்றச் சொன்னால், காலையிலிருந்து போட்டு வைத்த கணக்கு மொத்தமும் கலைந்துவிடும். திரும்பவும் ஃபோனை எடுத்து, யாரிடம் மிச்சம் இருக்கிறது என்று விசாரிக்க வேண்டியதுதான்.

ஒரு வங்கியில் குறைந்தால் அது இன்னொரு வங்கியில் கூடியிருக்கும். தங்களுக்குள் கொடுத்து வாங்கிச் சமாளித்துவிடுவார்கள். எல்லா வங்கிகளிலும் ஒரே நாளில் குறைந்தால்? அப்போது கைமாற்று கொடுக்கக்கூடியவர் மைய வங்கி மட்டும்தான். அந்தக் கையிருப்பைப் புதிதாக உண்டாக்க வேறு எவராலும் முடியாது.

இப்போது உங்கள் மூன்று வழிகளுக்கு வருவோம். ரெப்போ என்பது அரசுப் பத்திரத்தை ஈடாக வாங்கிக்கொண்டு ஒரு நாளுக்கோ பதினான்கு நாளுக்கோ தரும் பணம். தவணை முடிந்ததும் திரும்பிவிடும். சில நாள் தட்டுப்பாட்டுக்கு அது போதும். தட்டுப்பாடு நிலைத்துவிடும் என்று தெரிந்தால் பத்திரத்தை விலைக்கே வாங்கிவிடுவார்கள். அந்தப் பணம் வங்கிகளிடமே தங்கும். சி.ஆர்.ஆர், அதாவது டெபாசிட்டில் இத்தனை சதவீதத்தை மைய வங்கியில் வைத்தே ஆக வேண்டும் என்ற ரொக்கக் கையிருப்பு விகிதம், இன்னும் வேறு மாதிரி. அதைக் குறைக்கும்போது புதுப் பணம் எதுவும் வருவதில்லை. ஏற்கெனவே பூட்டி வைத்திருந்ததைத் திறந்துவிடுகிறார்கள். 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி இந்த விகிதத்தை 4 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாக நான்கு தவணைகளில் குறைப்பதாக அறிவித்தது. அந்த ஒரு சதவீதத்தால் மட்டும் சுமார் 2.5 லட்சம் கோடி ரூபாய் விடுபடும் என்று கணக்குச் சொன்னார்கள். இந்தியாவில் சி.ஆர்.ஆர் பணத்துக்கு வட்டி கிடையாது. ஆகவே விடுபடும் ஒவ்வொரு ரூபாயும் வங்கிக்கு லாபம்தான்.

ஆனால் தினசரி நிர்வாகத்துக்குச் சி.ஆர்.ஆரைத் தொடுவது எனக்கு உடன்பாடில்லை. பணம் மிஞ்சிய வங்கி, தவிக்கும் வங்கி என்று அது பேதம் பார்க்காது. அமெரிக்காவின் மைய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் 2020 மார்ச்சில் இந்த விகிதத்தைப் பூஜ்ஜியமாக்கிவிட்டது. ஐரோப்பிய மத்திய வங்கி 2012 முதல் 1 சதவீதத்தோடு நிறுத்திக்கொண்டது.

கேள்வி: எல்லா வங்கிக்கும் ஒரே நாளில் எப்படிப் பணம் குறையும்? நாட்டிலிருக்கும் பணம் எங்கே போய்விடும்? (வாசகி ஒருவர்)

பதில்: அரசாங்கத்தின் கணக்குக்குப் போகும் அம்மா. அரசின் கணக்கு பெரும்பாலும் மைய வங்கியிலேயே இருக்கிறது. நிறுவனங்கள் வரி கட்டும் நாளில் வங்கிகளின் கையிருப்பு அங்கே போய் உட்கார்ந்துவிடும். அரசு செலவு செய்த பிறகுதான் திரும்பி வரும். மக்கள் ரொக்கமாக எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாலும் குறையும். மைய வங்கி தன் நாட்டு நாணயத்தைத் தாங்கிப் பிடிக்க டாலர் விற்றால், வாங்கும் வங்கி உள்நாட்டுப் பணத்தைக் கொடுத்துத்தானே ஆக வேண்டும்? அதுவும் கையிருப்பிலிருந்துதான் கழியும்.

இது கைமீறிப் போனால் என்ன ஆகும் என்பதற்கு 2019 செப்டம்பரில் நியூயார்க்கில் நடந்ததைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. செப்டம்பர் 16, திங்கட்கிழமை. நிறுவனங்கள் வரி கட்ட வேண்டிய நாள். புதிதாக வெளியிட்ட அரசுப் பத்திரங்களுக்குப் பணம் கட்ட வேண்டியதும் அன்றைக்கே. இரண்டும் சேர்ந்து வங்கிகளின் கையிருப்பை அரசின் கணக்குக்கு இழுத்துக்கொண்டன. அதற்கு முந்தைய ஆண்டுகளில் ஃபெடரல் ரிசர்வ் தன் பத்திர இருப்பைக் குறைத்துக்கொண்டே வந்திருந்தது. அதனால் 2014-இல் சுமார் 2.8 லட்சம் கோடி டாலராக இருந்த கையிருப்பு ஏறக்குறைய பாதியாகியிருந்தது.

மறுநாள் காலை ஓர் இரவுக் கடனுக்கே ஆள் கிடைக்கவில்லை. ஃபெடரல் ரிசர்வ் (சுருக்கமாக ஃபெட்) அப்போது வைத்திருந்த வட்டி இலக்கு 2 முதல் 2.25 சதவீதம். பத்திரத்தை ஈடு வைத்து வாங்கும் கடனின் சராசரி வட்டி அன்று 5.25 சதவீதத்தைத் தொட்டது. சில கடன்கள் அதற்கும் வெகு மேலே போயின. அதன் நியூயார்க் பிரிவான நியூயார்க் ஃபெட் அவசரமாக 7,500 கோடி டாலர் வரை ரெப்போவில் தருவதாக அறிவித்தது. முதல் முயற்சி தொழில்நுட்பக் கோளாறால் நின்று, திரும்ப நடத்தினார்கள். 5,300 கோடி டாலர் போனது. அடுத்த நாட்களிலும் தொடர்ந்து கொடுத்தார்கள். அக்டோபரில், மாதம் 6,000 கோடி டாலருக்குக் குறுகிய காலப் பத்திரங்களை வாங்கவும் ஆரம்பித்தார்கள்.

நாடு முழுக்கச் சேர்த்துப் பார்த்தால் அன்றைக்கும் 1.4 லட்சம் கோடி டாலருக்குச் சற்றுக் குறைவாகக் கையிருப்பு இருந்தது. தொகை சின்னதல்ல. ஆனால் வைத்திருந்த வங்கிகள் அதை விட மனமில்லாமல் இருந்தன. மொத்தக் கணக்கை மட்டும் பார்த்துப் பணம் தாராளமாக இருக்கிறது என்று சொல்பவர்களிடம் நான் எடுத்துக்காட்டுவது இந்த நாளைத்தான். எந்த வங்கியிடம் இருக்கிறது, அது கொடுக்கத் தயாரா என்பதையும் பார்க்க வேண்டும்.

கேள்வி: பணம் அதிகமாக இருப்பது நல்லதுதானே? பிறகு ஏன் அதை உறிஞ்சுகிறார்கள்? (ஓய்வுபெற்ற ஆசிரியர்)

பதில்: மிஞ்சிய கையிருப்பை எந்த வங்கியும் சும்மா வைத்திருக்க விரும்பாது ஐயா. எல்லாரும் கொடுக்க முன்வந்து, வாங்க ஆளில்லாமல் போனால் ஓர் இரவு வட்டி சரிந்துவிடும். மைய வங்கி 6 சதவீதம் என்று அறிவித்துவிட்டு, சந்தையில் 4 சதவீதத்துக்குப் பணம் கிடைத்தால் அந்த அறிவிப்புக்கு என்ன மரியாதை? அதனால்தான் மேலே ஒரு வரம்பு, கீழே ஒரு வரம்பு வைத்து, சந்தை வட்டியை இடையில் நிறுத்தப் பார்க்கிறார்கள்.

2016 நவம்பர் 8 உங்களுக்கு நினைவிருக்கும். புழக்கத்தில் இருந்த நோட்டுகளின் மதிப்பில் 86 சதவீதம் செல்லாமல் போய், அந்தப் பணம் வங்கிகளுக்குள் கொட்டியது. ரிசர்வ் வங்கி அதை ரிவர்ஸ் ரெப்போவில், அதாவது வங்கிகளிடமிருந்து தானே கடனாக, எடுக்க வேண்டுமானால் பதிலுக்குப் பத்திரம் ஈடு தர வேண்டும். பணம் வந்த வேகத்துக்குக் கையிலிருக்கும் பத்திரம் போதுமா என்ற நிலை. உடனே, செப்டம்பர் 16-க்கும் நவம்பர் 11-க்கும் இடையில் கூடிய டெபாசிட் முழுவதையும், நூற்றுக்கு நூறு, தன்னிடம் ரொக்கக் கையிருப்பாக வைக்கச் சொல்லி உத்தரவிட்டது. பணம் போட்டவருக்கு வங்கி வட்டி தர வேண்டும். அந்தப் பணத்துக்கு வங்கிக்கோ ஒரு பைசா வராது. அந்த இரண்டு வாரங்கள் வங்கிகளின் ட்ரெஷரி மேசைகளில் எல்லாருக்கும் வயிற்றெரிச்சல்தான். டிசம்பர் 2 அன்று, பணத்தை உறிஞ்சுவதற்கென்றே அரசு வெளியிடும் சிறப்புப் பத்திரங்களின் உச்சவரம்பு 30,000 கோடியிலிருந்து 6 லட்சம் கோடியானது. அதன்பின் டிசம்பர் 10 முதல் அந்த உத்தரவை விலக்கிக்கொண்டார்கள்.

இத்தனைக்கும், பத்திரம் தராமலே உபரிப் பணத்தை வட்டி கொடுத்து வாங்கிக்கொள்ளும் வசதி வேண்டும் என்று ரிசர்வ் வங்கி அமைத்த உர்ஜித் படேல் குழு 2014-லேயே பரிந்துரைத்திருந்தது. சட்டத்திருத்தம் 2018-இல் வந்தது. நடைமுறைக்கு வந்தது 2022 ஏப்ரலில். ரெப்போவுக்குக் கால் சதவீதம் கீழே இந்த வசதி. கால் சதவீதம் மேலே, அவசரத்துக்கு வங்கிகள் கடன் வாங்கும் எம்.எஸ்.எஃப். உபரிப் பணத்தை வாங்கிக்கொள்ளும் அந்த வசதி 2016-இல் கையில் இருந்திருந்தால் அப்படிப்பட்ட உத்தரவுக்கே தேவை வந்திருக்காது என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: மைய வங்கி இப்படிக் கடன் கொடுக்கும்போது ஒரு வங்கி எப்படி முழுகும்?

பதில்: ஈடு இருந்தால்தான் கடன். அந்த ஈட்டுக்கும் மதிப்பு இருக்க வேண்டும். சமயத்தில் கையிலும் இருக்க வேண்டும். அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியில் 2023 மார்ச் 9 அன்று ஒரே நாளில் வாடிக்கையாளர்கள் எடுத்தது 4,200 கோடி டாலர். அந்த வங்கியிடம் பத்திரங்கள் நிறைய இருந்தன. ஆனால் வட்டி ஏறியதால் அவற்றின் சந்தை விலை விழுந்திருந்தது. ஃபெட்டிடம் அவசரக் கடன் வாங்குவதற்கான ஏற்பாடுகளையும் முன்கூட்டிச் சரியாகச் செய்து வைக்கவில்லை. மறுநாளே வங்கியை மூடிவிட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஃபெட் மற்ற வங்கிகளுக்காக ஒரு புதுத் திட்டத்தை அறிவித்தது: சந்தை விலை எதுவானாலும் பத்திரத்தின் முகமதிப்புக்கு, ஓராண்டு வரை கடன். பீதியை அடக்கியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 80 டாலருக்கு விற்கும் பத்திரத்தை ஈடாக வாங்கிக்கொண்டு 100 டாலர் கொடுத்தால், அது பணத்தட்டுப்பாட்டைத் தீர்ப்பது மட்டுமல்ல. நஷ்டத்தையும் சேர்த்து மறைப்பது. அந்த இரண்டையும் மைய வங்கி பிரித்துப் பார்த்தே ஆக வேண்டும்.

கேள்வி: கையிருப்பு கூடினால் வங்கி எனக்கு உடனே கடன் கொடுத்துவிடுமா? (சிறுதொழில் நடத்துபவர்)

பதில்: அவசியமில்லை. மைய வங்கியில் உள்ள கையிருப்பை வங்கி உங்களுக்கு எடுத்துக் கொடுப்பதில்லை. கடன் தரும்போது உங்கள் கணக்கில் வரவு வைக்கும். நீங்கள் அதை வேறு வங்கிக்கு அனுப்பும்போதுதான் கையிருப்பு தேவைப்படும். கடன் கிடைப்பதை முடிவு செய்வது உங்கள் திருப்பிச் செலுத்தும் திறனும் வங்கியின் மூலதனமும்தான். ஐரோப்பிய மத்திய வங்கி 2014 ஜூனில் தன்னிடம் பணம் போட்டு வைக்கும் வங்கிகளிடமே 0.1 சதவீதம் வசூலிக்க ஆரம்பித்தது. பிறகு அதை 0.5 வரை கொண்டுபோனது. அப்போதும் மொத்தக் கையிருப்பு கரையவில்லை. ஒரு வங்கி தள்ளிவிட்டால் அது இன்னொரு வங்கியின் கணக்கில்தான் போய்ச் சேரும்.

உங்களுக்குப் பயன்படுவது வட்டி. ஓர் இரவு வட்டி ரெப்போவை ஒட்டியே நின்றால், ரெப்போவில் செய்யும் குறைப்பு உங்கள் கடன் வட்டிக்கும் வந்து சேர வாய்ப்பு அதிகம். ரெப்போவைக் குறைத்த பிறகும் ஓர் இரவு வட்டி மேலேயே நின்றால், வங்கிகளுக்கே பணம் மலிவாகக் கிடைக்கவில்லை என்று பொருள். உங்கள் கடன் ரெப்போவோடு நேரடியாக இணைந்ததா என்று மேலாளரிடம் கேட்டுப் பாருங்கள். இணைந்திருந்தால், மாற்றம் எந்தத் தேதியிலிருந்து உங்கள் கணக்கில் ஏறும் என்பதையும் சேர்த்தே கேளுங்கள்.